வேதிகையின் பக்கத்தில் ஓர் இடம்

சித்தாந்தம் கற்பதனால் உலகிற்கு என்ன பயன் என்று வினவுவோர் உளர். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்று ஒப்புவித்த அளவிலே வீடுபேறு கிட்டிவிடுமோ என்பது அவர்தம் ஐயம். நியாயமான ஐயமே. விடையை மெய்கண்ட தேவர் தம் நூலின் ஈற்றில் வைத்தருளினார்.

சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. பதினொன்றாம் சூத்திரத்திலேயே உயிர் அன்பினால் அரன் திருவடியைச் சேர்ந்துவிடுகிறது. நூல் அங்கே முடிந்திருக்கலாம்; முடியவில்லை. பன்னிரண்டாவது சூத்திரம், அந்த ஞானியை அன்பரொடு கூடச் சொல்லி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழச் சொல்கிறது. ஆசிரியர் அடியாரின் வேடத்தைச் சொன்னார். குலத்தைச் சொன்னாரில்லை என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆணவ மலம் எல்லா உயிரையும் பற்றியது. அதற்கு மேல் குலம், கீழ்க் குலம் தெரியாது.

இதனைச் செய்து காட்டியவர் சாத்தமங்கைத் திருநீலநக்க நாயனார். அந்தணர், ஆகம வழிபாட்டில் மிக உறைப்பானவர். சிவலிங்கத் திருமேனிமேல் விழுந்த சிலந்தியை மனைவியார் வாயால் ஊதிப் போக்க, எச்சில் பட்டதென்று அவ்வம்மையாரைத் துறந்தவர். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, ஊதிய இடம் நீங்க மற்றை இடமெல்லாம் கொப்புளம் கொண்டிருத்தலைக் காட்டினான். பெருமானே நடத்திய பாடம் அது!

பின்னர் ஞானசம்பந்தப் பிள்ளையார் அவர் மனைக்கு எழுந்தருளினார். திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் வந்தனர். பாணர்கள் கோயிலின் புறத்தே நின்று யாழ் வாசித்த காலம். இவர்கள் இரவு தங்க இடம் தருக என்றார் பிள்ளையார். நீலநக்கர் திண்ணையைக் காட்டினாரா? மாட்டுக் கொட்டிலைக் காட்டினாரா? நடுமனையில், வேள்வித் தீ இருந்த வேதிகையின் பக்கத்திலேயே இடங்கொடுத்தார். தீ அணையவில்லை, வலமாகச் சுழித்து ஓங்கியது என்பார் சேக்கிழார்.

அந்த யாழ்ப்பாணரை ஆலவாய்த் திருக்கோயிலுள் அழைத்துவருமாறு அடியார் கனவில் இறைவனே பணித்ததாகவும் பெரியபுராணம் கூறும். அதே மதுரையில், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் முன்னின்று, விலக்கப்பட்டிருந்த மக்களை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். புராணம் கற்றவரிலும் பலர் அதனை எதிர்த்தனர் என்பது வியப்பே. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950இல் அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது.

சட்டம் கோயில் வாயில் வரை வரும். நீலநக்கர் திறந்தது தம் வீட்டின் நடுமனையை. அங்கே எச்சட்டமும் வந்து நிற்பதில்லை. நாமே திறத்தல் வேண்டும். சில ஊர்களில் இன்றும் சுவாமி உலா சில தெருக்களின் முனையோடு திரும்பிவிடுகிறது. இவ்விழாவிலாவது உலா எல்லாத் தெருவும் செல்லட்டும். அன்னதானப் பந்தியில் அருகில் அமர்பவரை எந்தத் தெரு என்று கேளாதிருப்போம். நாளை மறுநாள் தேர். வடம் நீளமானது, பிடிக்க எல்லோர்க்கும் இடமுண்டு.