கார் ஆடியோ கடை வைக்கலாமா?

(நம் சங்கத்தின் பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் இளைஞர்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)

 

‘சுயதொழில்’ என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார் காரியதரிசி. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான். ஜே.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் காரில் ஸ்டீரியோ பொருத்தும் கடை நடத்துகிறேன். எந்தக் கம்பெனியின் டீலரும் இல்லை, தனிக்கடை. ஆகவே அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

“நம்மவர்களுக்கு இது சரிப்படுமா?” என்று முதலில் கேட்பார்கள். திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீலாக இருந்தவர். பிறகு ரயில்வே உத்யோகம், பாங்க் உத்யோகம் எல்லாம் பார்த்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு 1912ல் மதுரையில் பஸ் விட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, வண்டி ஓட்டக் கரிவாயு தயாரிக்கும் சாதனம் செய்து கொடுத்தது அவருடைய ஸ்தாபனம். கிரீஸ் கறை நமக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜே.சி. ரோடு என்பது ஜெயசாமராஜேந்திர ரோடு. டவுன்ஹால் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரு பக்கமும் கார் உதிரி பாகக் கடைகள். கொஞ்சம் தள்ளி எஸ்.பி. ரோட்டில் ஒயர், ஃப்யூஸ், கனெக்டர் எல்லாம் கிடைக்கும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அந்த வட்டாரத்தில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வருஷம் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தேன். முதல் ஆறு மாதம் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுவது மட்டும்தான் வேலை. ஒரு கிளிப் உடையக் கூடாது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது கல்லாச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். கடை ஆரம்பிக்க ஆசைப்படும் பையன்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: இன்னொருவர் கடையில் இரண்டு வருஷம் இருங்கள். கன்னடம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். உருதுவும் காதில் விழட்டும்.

இனி வேலைக்கு வருகிறேன். காரில் ரேடியோ வைப்பது பழைய கதை. 1930ல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்றார்கள். என்ஜினின் மின்பொறி ரேடியோவில் இரைச்சலாக வந்து விழுவது அன்றைய தலைவலி. இன்றும் வண்டியை வேகமெடுத்தால் ஸ்பீக்கரில் ‘ஊய்ய்’ என்று சத்தம் கூடவே ஏறுகிறது என்று வாரம் ஒருவராவது வருகிறார். பாட்டரியிலிருந்து வரும் பவர் ஒயரையும் பாட்டு வரும் சிக்னல் ஒயரையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள். அல்லது எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருப்பார்கள். பவர் ஒரு பக்கமும் சிக்னல் மறு பக்கமும் போகவேண்டும். பெயின்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் எர்த் கொடுக்கவேண்டும்.

இதைவிட முக்கியம் ஃப்யூஸ். நாலு சேனலுக்குத் தலா 50 வாட் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் என்றால் வெளியே 200 வாட். பழைய ரகத்தில் பாதி உஷ்ணமாகப் போய்விடும். ஆகவே உள்ளே இழுப்பது 400 வாட். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 29 ஆம்பியர். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இல்லாவிட்டால், ஒயர் எங்காவது உரசித் தோல் போன அன்று வண்டியே எரியலாம். எரிந்த வாசனையோடு வேறு கடைகளிலிருந்து என்னிடம் வந்த வண்டிகள் உண்டு. அதில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மஞ்சள் நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெளிக்கடை ஸ்டீரியோவின் ஒயர்க் கட்டில் மஞ்சள் என்றால் பாட்டரியிலிருந்து நேராக வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். அதே மஞ்சள், ஸ்டியரிங் அடியில் உறையாகவோ கனெக்டராகவோ இருந்தால் அது ஏர்பேக். அங்கே டெஸ்ட் லாம்ப் வைத்தால் ஏர்பேக் முகத்தில் வெடிக்கலாம். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியில், கண்ணாடி ஓரத் தூணில் ட்வீட்டர் ஒயரை இஷ்டத்துக்கு இழுத்தால் அது விரியும் வழியை மறிக்கும். இந்தப் பாடத்தைப் பையன்களுக்குச் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுப்பதில்லை.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கி நிறைய சப்வூஃபர் வைத்துத் தெரு அதிர ஓட்டுபவர்கள் கேட்டால் செய்துதான் கொடுக்கிறேன், வியாபாரம். ஆனால் மல்லேஸ்வரத்திலிருந்து வரும் மாமாக்கள் வேண்டுவது வேறு. தம்புரா தனியாகக் கேட்கவேண்டும், மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று வந்து உடனே நிற்கவேண்டும், வலந்தலை தெறிக்கவேண்டும். அவர்களிடம் விலையுயர்ந்த ஸ்பீக்கரைத் தள்ளுவதில்லை. கதவுத் தகரத்துக்கு அதிர்வடக்கும் ஷீட் ஒட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு அவர்கள் தலையாட்டுவதில் எனக்குக் கிடைக்கும் திருப்தி வேறு.

பண விஷயம். இந்த ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம், பேசினால் குறையும். ஸ்டாக்கை விட ஷட்டருக்கு முன்னால் இரண்டு வண்டி நிற்கும் இடம் அவசியம். கடைகள் சட்டப்படி பதிவும் மாநகராட்சி உரிமமும் எடுக்கவேண்டும். பொருள் மட்டும் விற்றால் வருஷம் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, நாம் கூலியும் வாங்குவதால் 20 லட்சம்தான் எல்லை. 2015ல் வந்த முத்ரா திட்டத்தில் முதல் தடவை வாங்குபவருக்குப் பிணை இல்லாமல் 10 லட்சம் வரை கடன் உண்டு. அப்பாவின் ரிடையர்மென்ட் பணத்தைத் தொடாதீர்கள். பெட்டியை விற்பதில் லாபம் கொஞ்சம்தான், இன்டர்நெட்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. நம்மை வாழவைப்பது பொருத்துக்கூலி.

காலம் மாறியதையும் மறைக்கவில்லை. மாருதி 800, 1998ல் வந்த சான்ட்ரோ இவற்றில் விலை குறைந்த மாடல்கள் ஸ்டீரியோ இல்லாமலே வந்தன. 180க்கு 50 மில்லிமீட்டர் துளை மட்டும் இருக்கும். இன்று கம்பெனியே திரை வைத்து அனுப்புகிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தபோது, அதையே நம்பியிருந்த எங்கள் பக்கத்துக் கடைகள் தடுமாறின. ஒயர் வெட்டினால் வாரன்டி போய்விடும் என்ற பயம் இப்போது எல்லோருக்கும் உண்டு. அதனால் ஒரு ஒயரையும் வெட்டாமல், வண்டிக்கேற்ற கப்ளர் போட்டே வேலை செய்கிறேன். இப்போது வருவது பெரும்பாலும் ரிவர்ஸ் கேமரா, டேஷ்கேம், ஸ்பீக்கர் மாற்றம், பழைய வண்டிகளுக்குப் புதுத் திரை. படித்த பையனுக்கு இங்கேதான் இடம்: வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் அடாப்டரைச் சரிசெய்ய சர்க்யூட் படம் வாசிக்கத் தெரியவேண்டும்.

கடைசியாக, யாரும் சபையில் எழுந்து கேட்காத கேள்வி: பெண் கிடைக்குமா? எனக்கு வரன் பார்த்தபோது உத்யோகம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அம்மா இரண்டு நாள் யோசித்தாள். ‘எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயரிங் தொழில்’ என்று எழுதலாம் என்றார் மாமா. ‘கார் ஸ்டீரியோ கடை’ என்றே எழுதச் சொன்னேன். ஏழு ஜாதகங்கள் திரும்பி வந்தன. எட்டாவது வீட்டுப் பெண், கடையைப் பார்க்கவேண்டும் என்று தகப்பனாரோடு ஜே.சி. ரோட்டுக்கே வந்தாள். இன்று கடைக் கணக்கு முழுவதும் அவள் கையில். பெண்ணைப் பெற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தொழில் செய்யும் பையனின் ஜாதகம் வந்தால், மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கடைக்கும் ஒருநாள் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் நானும் கடையில்தான் இருப்பேன்.