தேனீப் பெட்டியின் அளவு



ஜுருவில் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஆனாலும் வீட்டுக் கொல்லையில் நாலு தென்னையும் ஒரு ரம்புத்தானும் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தேனீ வளர்க்க விரும்புகிறவர்கள், "பெட்டி பெரிதாக இருந்தால் தேனும் நிறையக் கிடைக்குமல்லவா?" என்று கேட்பதுண்டு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய பெரிய பெட்டியொன்றை மலிவாக வாங்கி, தென்னம் பொந்திலிருந்த அடுக்குத் தேனீக் கூட்டத்தை அதில் குடியேற்றினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஒரு தேனீகூட இல்லை. மூலையில் கையளவு அடை, அதில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள், அவ்வளவுதான்.

பெட்டியில் குற்றமில்லை. அது வேறொரு தேனீக்குச் செய்த பெட்டி. அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், 1851-இல் கண்ட உண்மையைக் கொண்டு, சட்டங்களைத் தனித்தனியே எடுக்கக்கூடிய பெட்டியை அமைத்தார். அது ஐரோப்பியத் தேனீக்கானது. அந்த இனத்தில் நல்ல கூட்டமொன்றில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் தேனீக்கள் இருக்கும். நம் அடுக்குத் தேனீயின் குடும்பம் அதைவிட மிகச் சிறியது.

இந்த வேறுபாட்டை உணர்ந்து வேலை செய்தவரும் ஒரு பாதிரியாரே. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நாட்டுத் தேனீயின் போக்கைக் கவனித்து, அதற்கேற்ற சிறிய பெட்டியை வகுத்தார். 1911 முதல் 1917 வரை கிராமத்தார் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்தப் பெட்டி, பின்னர் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் வீட்டுக்கு வீடு பரவியது. அங்கும் ரப்பர் மரந்தான் தேனுக்கு ஆதாரம். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் மதுரம் சுரக்கிறது. பூவைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை!

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நியூட்டன் சட்டத்தின் உள்ளளவு ஏறத்தாழ 21 செண்டிமீட்டர் நீளம், 14 1/2 செண்டிமீட்டர் உயரம். லாங்ஸ்ட்ராத் சட்டத்தின் உள்ளளவோ 43-க்கு 20. அதாவது பெரிய சட்டம் ஒன்று சின்னச் சட்டம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நியூட்டன் புழு அறையில் ஏழு சட்டங்கள். பெரிய பெட்டியில் பத்து. ஆகவே என் பெரிய பெட்டி நாலு நியூட்டன் பெட்டிக்குச் சமம். நாலு வீட்டை ஒரு குடும்பம் எப்படிக் காவல் காக்கும்?

காவல் என்று சொன்னது விளையாட்டுக்கல்ல. புழுக்கள் வளரும் இடத்தில் 34, 35 டிகிரி வெப்பம் மாறாமல் இருக்கவேண்டும். அதற்குத் தேனீக்கள் அடைமேல் நெருங்கிப் படர்ந்திருக்கவேண்டும். படராத அடையில் அந்துப்பூச்சி முட்டையிடும். அடுக்குத் தேனீ பொறுமைசாலியல்ல; தொல்லை மிஞ்சினால் வீட்டை விட்டே போய்விடும்.

அதற்காக மிகச் சிறிய பெட்டியும் கூடாது. இடம் நெருக்கினால் கூட்டம் புது இராணி வளர்த்துப் பிரிந்து போகும். மாதமிருமுறை மூடியைத் திறந்து, எத்தனை சட்டத்தில் தேனீ படர்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நாலில் மட்டும் என்றால் மீதியை எடுத்துவிட்டு, தடுப்புப் பலகையை நெருக்கி வையுங்கள். ஏழும் நிறைந்து, மரங்களும் துளிர்க்கத் தொடங்கினால், மேலே தேன் அறையை ஏற்றுங்கள். அதன் சட்டம் ஆறு செண்டிமீட்டர் உயரமே இருக்கும். சின்னக் கூட்டமும் விரைவில் நிரப்பி மூடிவிடும்.

கொசுத்தேனீ, அதாவது கெலுலுட் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது தொங்கும் அடை கட்டுவதில்லை. சின்னச் சின்னக் குடங்களில் தேனைச் சேர்க்கிறது.

ஆசாரியிடம் பெட்டி செய்யச் சொல்லும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தேனீ நடமாடும் சந்து எட்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். லாங்ஸ்ட்ராத் கண்ட உண்மை அந்தச் சந்துதான். குறைந்தால் தேனீ நுழையாது. இரண்டு மடங்கானால் அங்கே ஓர் அடையைக் கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். பிறகு கத்தியில்லாமல் அதை வெளியே எடுக்க முடியாது.