தூரம் அதே தூரம், நேரம் மட்டும் எப்படி ஏறுச்சு?

இன்னைக்கு ரெண்டு ஊர்: ஹெல்சின்கி, டோக்கியோ.

தூரம் கணக்கு போடுற எந்த சைட்ல வேணா இந்த ரெண்டு பேரையும் போடுங்க. சுமார் 7,800 கிலோமீட்டர்னு வரும். பின்னாடி ஓடுறது பெரும்பாலும் ஹேவர்சைன்னு ஒரு சின்ன ஃபார்முலாதான். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தா, உருண்டை மேல நூலை இழுத்துப் பிடிச்ச மாதிரி மிகக் குறுகிய வழியைச் சொல்லும். விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பாருங்க, எட்டே முக்கால் மணி நேரம் வருது. ஏற, இறங்க கொஞ்சம் சேர்த்தா ஒன்பதரை. 2022 பிப்ரவரி வரைக்கும் ஃபின்ஏர் விமானத்துக்கு நிஜமாவே அவ்வளவுதான் ஆச்சு.

இப்போ சுமார் 13 மணி நேரம்.

ஊர் ரெண்டும் இருந்த இடத்துலதான் இருக்கு. ஆனா அந்த நூலோட பெரும்பகுதி ரஷ்யா மேல போகுது. உக்ரைன் போர் தொடங்கினதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வானத்தை மூடுச்சு. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளுக்கு மூடிடுச்சு. பின்லாந்தும் அதுல ஒண்ணு.

மிச்சம் இருந்தது ரெண்டு வழி. தெற்கே இறங்கி துருக்கி, கஜகஸ்தான், சீனா, கொரியா வழியா போகலாம். இல்லன்னா வடக்கே ஏறி, வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கம் இறங்கலாம். எதுன்னு அன்னன்னைக்கு அடிக்கிற காத்தும் சேர்ந்து முடிவு பண்ணும். துருவத்துல இன்னொரு சிக்கல். ரெண்டு இன்ஜின் விமானம்னா, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணை வச்சுப் போய் இறங்குற தூரத்துல ஒரு விமான நிலையம் இருக்கணும். எத்தனை நிமிஷ தூரம்ங்கிறதுக்குத் தனி அனுமதி வாங்கணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம்: இது புது வழியே இல்ல. 1983-ல ஃபின்ஏர் இதே துருவம் வழியா டோக்கியோவுக்கு நிக்காம பறந்துச்சு. அப்பவும் காரணம் மூடின சோவியத் வானம்தான். டிசி-10, மூணு இன்ஜின். நேரமும் கிட்டத்தட்ட அதே 13 மணி. நாப்பது வருஷ இன்ஜினியரிங் இடையில போயிருக்கு, பாருங்க.

இதுல பெருசா அடி வாங்கினது ஹெல்சின்கிதான். ஐரோப்பாவுல இருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்க ஊர்னு சொல்லித்தான் ஃபின்ஏர் தொழிலையே கட்டியிருந்துச்சு. வாங்கின பெரிய ஏ350 விமானங்களும் அதுக்குத்தான். அந்தக் குறுக்கு வழி ராத்திரியோட ராத்திரியா போச்சு. அதே வருஷம் டல்லஸ், சியாட்டில்னு அமெரிக்கா பக்கம் திரும்பினாங்க. துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஒரு சர்டிஃபிகேட்டும் கொடுத்தாங்க. நாலு மணி நேரம் கூடுதலா உட்கார்ந்ததுக்கு!

சீன விமானங்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஃபார்முலாவுல ரெண்டு ஊரைப் போட்டா மட்டும் போதாது, விமானம் எந்த நாட்டுதுன்னும் கேட்கணும். சந்தேகமா இருந்தா விமானங்களை லைவ்ல காட்டுற ஏதாவது ஒரு ஆப்பைத் திறந்து சைபீரியாவைப் பெருசாக்கிப் பாருங்க. யாரு மேல பறக்கிறாங்க, யாரு சுத்திப் போறாங்கன்னு அங்கேயே தெரியும்.