முதற் சுற்றும் வராத அணியும்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இறுதியாட்டமே. கிண்ணத்தை உயர்த்திய கைகளும் வென்ற நாட்டின் கொடியும் மனத்தில் நின்றுவிடுகின்றன. ஆயினும் ஒரு போட்டித்தொடரின் இயல்பை உள்ளபடி அறிய விரும்புவோர் இறுதியாட்டத்தைப் பார்த்தாற் போதாது. முதற் சுற்றையும் பார்த்தல் வேண்டும். இறுதியாட்டத்தில் இரண்டு நாடுகளுக்கே இடம் உண்டு. பெரிய நாடும் சிறிய நாடும், செல்வம் மிக்கதும் வறுமையுற்றதும், ஒரே தரையில் தொண்ணூறு நிமிடம் எதிரெதிரே நிற்பது முதற் சுற்றிலேதான். அச்சுற்றின் கதையைச் சிறிது ஆராய்ந்தால், அது வன்னிப் பெருநிலத்தின் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி வைத்திருப்பதைக் காணலாம்.

முதலாவது உலகக் கிண்ணப் போட்டி 1930 யூலை 13ஆந் திகதி உருகுவே நாட்டின் மொன்ரிவிடியோ நகரிற் தொடங்கிற்று. அன்று வானூர்திப் பயணம் எளிதாக இருக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து நான்கே நான்கு அணிகள், கப்பலேறி அத்திலாந்திக் மாகடலைக் கடந்து வந்து சேர்ந்தன. ஆடியவை மொத்தம் 13 அணிகள். அவற்றை நான்கு குழுக்களாக வகுத்து, ஒவ்வொரு குழுவிலும் முதல் வந்த அணியை அரையிறுதிக்கு அனுப்பினர். மெக்சிக்கோவுக்கு எதிராகப் பிரான்சிய வீரர் லூசியன் லோரன் அடித்ததே உலகக் கிண்ண வரலாற்றின் முதற் கோல். அவரும் பிரான்சிய அணியும் அக்கிண்ணத்தை வெல்லவில்லை. முதற் சுற்றோடு ஊர் திரும்பினர். எனினும் முதற் கோல் என்னும் பெருமை அவரை விட்டு நீங்கவில்லை.

குழுமுறை என்பது நல்ல ஏற்பாடு. ஒருமுறை தோற்றவுடன் மூட்டை கட்ட வேண்டியதில்லை. நான்கு அணி கொண்ட குழுவில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கின்றன. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை. முதல் நாள் இடறியவர் மூன்றாம் நாள் எழுந்து நிற்க வழியுண்டு. 1998 முதல் 2022 வரை 32 அணிகள் ஆடிய இப்போட்டி, 2026ஆம் ஆண்டுக்கு 48 அணிகளாக விரிவாக்கப்பட்டது. நாலு நாலாகப் பன்னிரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிரண்டு அணிகளோடு, மூன்றாமிடம் பெற்றவற்றுட் சிறந்த எட்டு அணிகளும் அடுத்த சுற்றுக்கு உரியவை என்பது ஏற்பாடு. முதற் சுற்றில் மட்டும் 72 ஆட்டங்கள்.

இம்முதற் சுற்றில் அணிகள் தோற்பது இயல்பு. தோல்வியினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது களத்துக்கு வாராதிருத்தல். இதற்கு அயல்நாடான இந்தியாவின் வரலாறே சான்று.

1948இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில், விடுதலை பெற்று ஓராண்டேயான இந்தியா பிரான்சை எதிர்த்து முதற் சுற்றில் ஆடிற்று. யூலை 31ஆந் திகதி நடந்த அவ்வாட்டத்தில் இந்திய வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்ஸ் ஒரு கோல் அடிக்க, சாரங்கபாணி ராமன் அதனைச் சமப்படுத்தினார். கிடைத்த இரண்டு தண்ட உதைகளையும் இந்தியா வீணாக்கிற்று. ஆட்டம் முடியும் தறுவாயிற் பிரான்ஸ் இரண்டாவது கோலை அடித்து வென்றது. அது தோல்விதான். ஆனாலும் வெறுங்கால்களோடு ஐரோப்பிய அணியொன்றை இறுதி நிமிடம் வரை தடுத்து நிறுத்திய அவ்வணியை இன்றும் மதிப்போடு பேசுகின்றனர்.

ஈராண்டு கழித்து, 1950இல், பிரேசிலில் உலகக் கிண்ணம். தகுதிச் சுற்றில் இந்தியாவோடு மோதவிருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றும் விலகிக்கொண்டமையால், ஒரு பந்தையும் உதையாமலே இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பரகுவே ஆகியவற்றோடு ஒரே குழுவில் அதன் பெயர் குறிக்கப்பட்டது. ஆனால் இந்திய அணி பிரேசிலுக்குச் செல்லவில்லை. பாதணியின்றி ஆடக்கூடாது என்ற விதியே காரணம் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. நீண்ட பயணம், பயிற்சிக்குக் காலம் போதாமை, ஒலிம்பிக்கையே பெரிதென மதித்த மனப்பான்மை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டுவோரும் உளர். காரணம் யாதாயினும் விளைவு ஒன்றே. ஆடாமற் கிடைத்த இடம் ஆடாமலே போயிற்று. அன்று தவறவிட்ட வாயிலுக்குள் அந்நாடு பின்னர் ஒருமுறையும் நுழைய முடியவில்லை. 1948இன் தோல்வியில் நினைவுகூர ஒரு கோலாவது உண்டு. 1950ஐப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.

உடம்பால் வந்தும் உள்ளத்தால் வாராதிருப்பதும் உண்டு. 1982இல் ஸ்பெயின் நாட்டின் கிகோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் முதற் சுற்றின் கடைசி ஆட்டத்தில் எதிர்ப்பட்டன. அக்குழுவிலிருந்த அல்ஜீரியா, மேற்கு ஜேர்மனியை 2க்கு 1 என வென்று உலகை வியக்க வைத்த அணி. அது தன் ஆட்டங்களை முதல் நாளே முடித்துக் காத்திருந்தது. ஜேர்மனி ஒரு கோலால் வென்றால், வென்றவரும் தோற்றவரும் ஆகிய இருவருமே அடுத்த சுற்றுக்குச் செல்லலாம் என்பது கணக்கு. பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி அந்தக் கோலை அடித்தது. அதன்பின் எஞ்சிய நேரமெல்லாம் இரு பகுதியாரும் பந்தைத் தமக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தனர். அல்ஜீரியா வெளியேறிற்று. அரங்கிலிருந்தோர் வெகுண்டனர். அதன் பயனாகவே, 1986 முதல் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே வேளையில் நடத்தப்படுகின்றன.

இனி இலங்கையின் கதைக்கு வருவோம். உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிப் போட்டியில், தரவரிசையின் கீழ்ப்படியிலுள்ள நாடுகளுக்கென ஒரு முதற் சுற்று உண்டு. இலங்கை ஆடுவது அங்கேதான். 2015 மார்ச் மாதத்தில் அதனை எதிர்த்து வந்தது பூட்டான். அப்பொழுது உலகத் தரவரிசையில் இருந்த 209 நாடுகளுள் பூட்டானே கடைசி. உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் அந்நாடு அதற்கு முன் ஆடியதே இல்லை. அத்தகைய பூட்டான் கொழும்பில் 1க்கு 0 எனவும், திம்புவில் 2க்கு 1 எனவும் வென்று சென்றது. கடைசி இடத்தில் இருக்கிறோமே என்று கூசி அது வீட்டில் இருந்திருந்தால் இவ்வெற்றி ஏது?

நான்காண்டுகளின் பின் நடந்தது துயரோடு கலந்தது. 2019 யூன் 6ஆந் திகதி, சீனாவின் சூஹாய் நகரில் நடந்த முதலாட்டத்தில் மக்காவு அணி இலங்கையை 1க்கு 0 என வென்றது. யூன் 11ஆந் திகதி கொழும்பில் இரண்டாவது ஆட்டம் நடைபெற வேண்டும். ஆனால் அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். பாதுகாப்பைக் காரணங்காட்டி மக்காவின் சம்மேளனம் அணியை அனுப்ப மறுத்தது. அம்முடிவை அவ்வணியின் வீரர்களே வெளிப்படையாக எதிர்த்தனர். யூன் இறுதியிற் பீஃபா நிறுவனம் அவ்வாட்டத்தை 3க்கு 0 என இலங்கைக்கு வழங்கிற்று. இலங்கை அடுத்த சுற்றுக்குச் சென்றது.

இதனை வெற்றி என்று கொண்டாடலாமா? ஏட்டில் அது வெற்றிதான். துயருற்றிருந்த ஒரு நாட்டின் மக்கள், தங்கள் அணி ஒரு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டெழுமா என்று தங்கள் மண்ணிலே காண வேண்டிய மாலை அது. அம்மாலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றில் இலங்கை தென் கொரியாவிடம் 8க்கு 0 எனத் தோற்றது. கணக்கிற் கொள்ளப்பட்ட ஆறு ஆட்டங்களிலும் தோல்வியே. ஆயினும் 2021 யூனில் லெபனானுக்கு எதிராக வசீம் ராசிக் இரண்டு கோல் அடித்து, 3க்கு 2 என்ற அளவுக்கு ஆட்டத்தை நெருக்கினார். எழுதிக் கொடுக்கப்பட்ட அந்த மூன்று கோல்களையும், ஆடிப் பெற்ற இந்த இரண்டு கோல்களையும் ஒரு தராசில் வைத்தால், எப்பக்கம் தாழும் என்று விளையாட்டை அறிந்தோர் எளிதிற் சொல்வர்.

2023 ஒக்டோபரில் மீண்டும் முதற் சுற்று. அவ்வாண்டு சனவரியில் இலங்கைச் சம்மேளனம் பீஃபாவால் இடைநிறுத்தப்பட்டு, ஓகஸ்டிலேயே தடை நீங்கியிருந்தது. எதிரணி யேமன். போரினாற் தன் நாட்டில் ஓர் ஆட்டமும் நடத்த இயலாத யேமன், தனக்குரிய ஆட்டத்தைச் சவூதி அரேபியாவின் அப்ஹா நகரில் ஆடி 3க்கு 0 என வென்றது. கொழும்பில் 1க்கு 1 எனச் சமநிலை கண்டு முன்னேறிற்று. சொந்த மைதானம் இல்லாதவர்களும் களத்துக்கு வந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. மறுவருடம் செப்டெம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிப் போட்டியில், இலங்கை கம்போடியாவைத் தண்ட உதைகளால் வென்று முன்சென்றது. இவ்வெற்றியை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சொந்த மைதானத்தை இழத்தல் என்பது வன்னி மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தியன்று. 1990களில் மின்சாரமின்றி, மின்கலமும் அரிதாகியிருந்த காலத்தில், மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். உலகக் கிண்ண ஆட்டமெல்லாம் அன்று செய்தியறிக்கையின் முடிவில் வந்த இரண்டு எண்களே. 2009இல் ஊர்கள் வெறுமையாயின. 2012 செப்டெம்பரிற் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்படும் வரை, கூடாரங்களுக்கு இடையிலுள்ள புழுதி நிலமே பல பிள்ளைகளுக்கு மைதானம். ஊர் திரும்பிய பின்னரும், மிதிவெடி அபாயம் என்ற செந்நிறப் பலகைகள் பற்றைகளின் ஓரத்தில் நின்றன. எல்லைக்கு வெளியே உருண்ட பந்தை எடுக்க ஓடாதே என்று பிள்ளையைத் தடுக்க வேண்டியிருந்த நிலம் அது. கண்ணிவெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாகத் தேடி மீட்டுத் தந்த நிலத்திலேதான் இன்றைய பிள்ளைகள் ஓடுகின்றனர்.

அவ்வாறு மீட்கப்பட்ட மைதானங்கள் மாலையில் வெறிச்சோடிக் கிடப்பின் அது பெருங்குறை. உலகக் கிண்ணத்துக்கு முதற் சுற்று இருப்பதுபோலப் பாடசாலைகளுக்கும் ஒரு முதற் சுற்று உண்டு. வலய மட்டப் போட்டியே அது. அங்கு வென்றோர் மாகாணத்துக்கும், பின் தேசிய மட்டத்துக்கும் செல்வர். அவ்வலயப் போட்டியில், எதிரணி வராமையால் வெற்றி என்று நடுவர் எழுதும் வரியைப் போலத் துயரமான வரி பிறிதில்லை. வராத அந்த அணிக்கு ஆற்றல் இல்லை என்பதன்று பொருள். வாகனக் கூலிக்குப் பணம் இல்லை. பதினொருவருக்குப் பாதணி இல்லை. கடைசிப் பேருந்து போய்விட்டால் ஒட்டுசுட்டானுக்கும் அக்கராயனுக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் இல்லை. மாலை வகுப்பைத் தவறவிடப் பெற்றோர் இசையவில்லை. பெண்பிள்ளைகளாயின், வளர்ந்த பிள்ளைக்கு ஓட்டமும் பந்தும் எதற்கு என்ற வினாவும் வழிமறிக்கிறது. இவற்றுள் ஒன்றேனும் பிள்ளையின் காலில் உள்ள குறையன்று.

பெரிய அரங்கு கட்டுதல் அரசின் பணி; அது நடக்கும் போது நடக்கட்டும். ஆனால் ஓர் உழவு இயந்திரப் பெட்டியைப் போட்டி நாளன்று இரவலாகத் தர ஓர் ஊரால் முடியும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒரு வாயிலை எழுப்பித் தம் பெயரைப் பொறிப்பதற்கு முன், பதினைந்து சோடிப் பாதணிகளைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு மாலைகளை மைதானத்துக்கென விட்டுக்கொடுக்கப் பெற்றோரால் முடியும். இவ்வளவும் செய்த பின்னரும் அவ்வணி தோற்கக்கூடும். எட்டுக் கோல் வாங்கித் தலைகுனிந்தும் வரக்கூடும். அது குற்றமன்று. தோற்ற பிள்ளை தன் தவறு எங்கே என்று அறிந்து, அடுத்த நாள் மாலை மீண்டும் பந்தை எடுப்பான். களத்துக்கே அனுப்பப்படாத பிள்ளைக்கு அத்தவறுகூடக் கிடைப்பதில்லை.

வலயப் போட்டிக்கான பெயர்ப் பட்டியல் பாடசாலைகளுக்கு வரும்பொழுது, வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுக்கொண்டிராமல் பதினொரு பெயரை எழுதி அனுப்பி, குறித்த நேரத்துக்கு அப்பிள்ளைகளை மைதானத்திற் கொண்டுபோய் நிறுத்துதல் பெரியோர் கடன். ஆட்டத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்.