பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பத்திரிகை
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



விதை, உரம், கடன் ஆகியவற்றைக் குறித்தே சங்கக் கூட்டங்களில் பேசுவது வழக்கம். இன்று எடுத்துக்கொண்ட விஷயம் பிள்ளைகளின் படிப்பு. இதுவும் விதையைச் சேர்ந்ததே.

2018-ம் வருஷம் ஆகஸ்டு மாத வெள்ளத்தில், முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டப்பட்ட மேலணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. "இத்தனை காலம் நின்ற அணை ஏன் விழுந்தது?" என்று ஒரு சிறுமி கேட்டால், "காலக் கோளாறு" என்று அவள் வாயை அடைத்துவிடலாம். அல்லது, விசையோடு பாயும் நீர் அஸ்திவாரத்தடி மணலை எவ்வாறு அரிக்கக்கூடும் என்பதை விளக்கலாம். முதல் விடையால் கேள்வி மடிகிறது. இரண்டாவதால் வேறொரு கேள்வி பிறக்கிறது.

இரண்டாவது விடை பெற்றோருக்குத் தெரியாவிடில் அதில் வெட்கமில்லை. அதன் பொருட்டே விஞ்ஞானப் பத்திரிகைகள் ஏற்பட்டுள்ளன. பாடப்புத்தகம் பரீக்ஷையோடு முடியும். பத்திரிகையோ மாதந்தோறும் புதிதாய் வரும். கோயம்புத்தூரில் ஸ்ரீ ஜி. ஆர். தாமோதரன் முயற்சியால் 1940-களின் பிற்பகுதியில் தோன்றிய 'கலைக்கதிர்', விஞ்ஞானத்தைத் தமிழிலேயே சொல்ல முடியும் என்று காட்டிற்று. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987-ல் தொடங்கிய 'துளிர்', சிறுவர்களுக்கென்றே ஏற்பட்ட மாத இதழ். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற தலைப்பில் ஜூனியர் விகடன் வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளித்தார்.

கேள்வியின் மகிமைக்குச் சான்று வெகு தூரத்தில் இல்லை. ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் ஸர் சி. வி. ராமன். 1921-ல் கப்பற் பிரயாணத்தின்போது, கடல் நீலமாயிருப்பது ஏன் என்று ஆராயத் தலைப்பட்டார். அவ்வழியே சென்ற ஆராய்ச்சி 1930-ல் நோபெல் பரிசைத் தேடித் தந்தது.

சங்கம் செய்யத்தக்கது சொற்பமே. ஒரு வீட்டார் சந்தா கட்டினால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் படிப்பர். சங்கத்தின் பேரால் கட்டினால் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் படிப்பர். உபவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொது நல நிதியிலிருந்து இதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கப் பொதுச்சபை தீர்மானிக்கலாம். இல்லையேல் அங்கத்தினர்கள் கூடிச் சந்தா சேர்க்கலாம். வாரம் ஒரு மாலை, பெரிய வகுப்பு மாணாக்கர் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றப் பிள்ளைகள் கேட்கட்டும். பெண் குழந்தைகளை அடுக்களை வேலைக்கென்று நிறுத்திக்கொள்ளலாகாது. மாதம் ஒரு பரிசோதனையையேனும் செய்து பார்க்கட்டும். பீரோவில் பூட்டிய பத்திரிகை, குதிரிலேயே புழுத்துப்போன விதைநெல்லுக்குச் சமானம்.

கடன் தவணை தவறினால் சங்கம் நோட்டீசு அனுப்பும். வட்டியோடு வசூலும் ஆகும். கேள்வி கேட்கும் வயது தவறினாலோ, அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த நோட்டீசாலும் ஆகாது. இதை அங்கத்தினர்கள் சிந்தித்து, அடுத்த பொதுச்சபையிலேயே தீர்மானம் செய்வார்களாக.