முத்துக்குளிப்பவரின் மூச்சுக் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பம்பும் பைப்பும் பார்க்கிறவனுக்கு ரத்தத்தைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ரத்தமும் சரக்குப் போக்குவரத்துதான். துறைமுக ஊர்க்காரர்களுக்கு அது சொல்லாமலே புரியும்.

லாரியில் சரக்கு ஏற்றினால் மட்டும் போதாது, போய்ச் சேரவேண்டிய இடத்தில் இறக்கவும் வேண்டும். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் அந்த லாரி. ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள், ஆளுக்கொரு ஆக்ஸிஜன். 100 மில்லி ரத்தம் சுமார் 20 மில்லி ஆக்ஸிஜனைச் சுமப்பது இதனால்தான். ஹீமோகுளோபின் இல்லாமல் வெறுமனே கரைந்து போவது 0.3 மில்லி! வேலை செய்யும் தசையில் கரியமில வாயு சேரும்போது, ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து சரக்கு அங்கே இறங்குகிறது. 1904-ல் இதைக் காட்டியவர்களில் முதன்மையானவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர். அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தகப்பனார்தான் இவர்.

இனி நம்ம கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். காலில் கல், இடுப்பில் கயிறு, மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்க ஒரு நம்பிக்கையான ஆள். ஆபத்து அடியில்தான் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மூச்சடக்கியவரின் நுரையீரலில் 4 சதவீதமே ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தாலும், அங்கே அதன் அழுத்தம் 60 மில்லிமீட்டர். ஹீமோகுளோபின் 90 சதவீதம் நிரம்பும், ஆள் தெம்பாகவே இருப்பார். மேலே வரவர அது பாதியாகி 30-க்கு இறங்கும். லாரி 60 சதவீதம்கூட நிரம்பாது. நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துதான் நினைவு தப்பும். கயிற்றுக்காரர் ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொன்று. நீச்சல் போட்டிக்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கும் பையன்கள் உண்டு. ரத்தம் ஏற்கெனவே 97 சதவீதம் நிரம்பியிருக்கிறது, கூடுதலாக ஏற இடமில்லை. வெளியே போவது கரியமில வாயுதான். ‘மூச்சு விடு’ என்று நம்மைத் துரத்துவதும் அதே வாயு. அலாரம் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குகிற கதை. தம்பிகளா, கிணற்றிலும் சரி குளத்திலும் சரி, இதைச் செய்யாதீங்க.

முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குகுளிப்பு நிற்கவில்லை. படகில் கம்ப்ரசர் வைத்து, ஹோஸ் வழியே காற்று வாங்கிக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. அப்படி ஒரு படகைப் பார்த்தேன். கம்ப்ரசர் காற்று இழுக்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி எஞ்சின் புகைக்குழாய்! "தலை வலிக்குதா அண்ணாச்சி?" என்றேன். "கடலுக்குள்ள போனா வலிக்கத்தான் செய்யும் தம்பி" என்றார்.

எனக்குப் பகீரென்றது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். நான்கில் இரண்டு இடத்தைப் பிடித்தால், மீதி இரண்டிலுள்ள ஆக்ஸிஜனையும் சுலபத்தில் இறங்க விடாது. ரத்தசோகையில் பாதி ஹீமோகுளோபின் இழந்தவரைவிட இவர் நிலை மோசம். உடம்பும் நீலம் பாரிக்காது, பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

ஒரு பிவிசி பைப்பை உயரமாக நிறுத்தி, காற்று வரும் பக்கமிருந்து இழுக்கும்படி அன்றே மாற்றினோம். அடுத்த வாரம் அண்ணாச்சி, "தலைவலி இல்ல தம்பி, ஆனா காத்து திரும்பினா பைப்பையும் திருப்ப வேண்டியிருக்கு" என்றார். நியாயமான புகார்தான். படகின் ஆட்டத்துக்குத் தாங்குகிற, கட்டுப்படியாகும் விலையில் ஒரு ஃபில்டரும் மோனாக்ஸைடு அலாரமும் வேண்டும். கடைசி வருட பிராஜக்ட் தேடுகிற தம்பி தங்கைகள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள். படகுக்காரரிடம் நானே கூட்டிப் போகிறேன்.