பாட்டியாரின் வடிதுணி



வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து, சென்ற ஆண்டு மறைந்த பாட்டியார் ஒருவரை எவ்வாறு நினைவுகூர்வது என்பது அவர்தம் பேத்திக்கு உற்ற இடர். பிண்டம் வைத்தால் மறைந்தவரைச் சேரும் என்று சைனம் கூறுவதில்லை. உயிர் தன் வினைவழியே வேறு பிறவி எய்திவிடுகிறது. அழுது புலம்புதலோ ஆர்த்தத் தியானம், வினைக்கட்டு அழுபவர்க்கே. ஆயினும் அப்பேத்தி அழவில்லை என்றால் அது பொய்யாகும்.

பாட்டியார் பள்ளி சென்றவர் அல்லர். விடியலில் கிணற்று நீரை இரட்டையாக மடித்த துணியில் வடிப்பார். அத்துடன் பணி முடியாது. துணியில் தங்கிய சிற்றுயிர்கள் பிழைக்க வேண்டி, வடித்த நீரால் துணியை அலசி, அந்நீரை மொண்ட கிணற்றிலேயே மெல்ல இறக்கிவிடுவார். வேற்றுநீரில் அவை வாழா என்பார். வடிகட்டுவோர் இன்றும் உளர். திருப்பி விடுவோர் அரியர்.

கதிரவன் மறையுமுன் உண்ணுதலும் அட்டமி, சதுர்த்தசி நோன்பும் அவருக்கு எங்கும் எளிதாயின. முதுமையில் பேத்தியின் சென்னை இல்லம் சேர்ந்தபோது இது ஒன்றே அரிதாயிற்று. குழாயில் துணி கட்டினார். அலசிய நீரைக் கையில் ஏந்தி, "இதை எங்கே விடுவது, கண்ணு?" என்றார்.

"புழல் ஏரித் தண்ணீர், பாட்டி" என்றாள் பேத்தி.

"ஏரி எவ்வளவு தொலைவு?"

அத்துணி இன்றும் அக்குழாயில் இரட்டையாகவே கட்டப்பட்டுள்ளது. அலசிய நீர்ச்செம்புடன் பேத்தி நாள்தோறும் சிறிது நேரம் நிற்கின்றாள்.